பன்றிகளைத் தாக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸ்: மரபியல் பரிணாமம்

பிஆர்ஆர்எஸ் வைரஸ் என்பது பன்றிகளுக்கு இனப்பெருக்கக் கோளாறையும் சுவாச நோயையும் உண்டாக்கும் ஆர்என்ஏ வைரஸ். சினைப்பன்றிகளில் இது சினையின் கடைசிக் கட்டத்தில் கருச்சிதைவை ஏற்படுத்துகிறது. குட்டிகள் இறந்தோ வயிற்றுக்குள்ளேயே வற்றிப்போயோ மிக நலிவாகவோ பிறக்கின்றன. வளரும் குட்டிகளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவை காணப்படும். சில பன்றிகளின் காது நுனி நீலம் பாய்வதால் ‘நீலக்காது நோய்’ என்ற பெயரும் இந்நோய்க்கு உண்டு. இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை. உலகப் பன்றி வளர்ப்புக்குப் பெரும் பொருள் இழப்பை உண்டாக்கும் நோய்களுள் இது முன்னிற்கிறது. 2016 முதல் 2020 வரையிலான காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு கூறுகிறது. அறியப்பட்ட வைரஸ்களில் மிக விரைவாக மாறிக்கொண்டிருப்பவற்றில் இதுவும் ஒன்று. இதைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருப்பதற்கு அந்த மாற்ற வேகமே முதன்மையான காரணம்.

கண்டறியப்பட்ட வரலாறு

1987-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் காரணம் புலப்படாத கருச்சிதைவுகள் பன்றிப் பண்ணைகளில் பரவின. அடுத்த சில ஆண்டுகளில் அயோவா, மினசோட்டா முதலிய மாநிலங்களிலும் இதே நோய் தோன்றியது. காரணம் தெரியாத நிலையில் அது ‘மர்மப் பன்றி நோய்’ என்றே அழைக்கப்பட்டது. 1990-இன் இறுதியில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் வட்டாரத்தில் அதே போன்ற நோய் கிளம்பி, சில மாதங்களில் நெதர்லாந்தையும் அண்டை நாடுகளையும் எட்டியது. 1991-இல் நெதர்லாந்தின் லேலிஸ்டாட் நகரிலிருந்த மத்தியக் கால்நடை மருத்துவ நிறுவனத்தில் வென்ஸ்வோர்ட்டும் உடன் பணியாற்றியோரும் இந்நோயின் காரணியைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ‘லேலிஸ்டாட் வைரஸ்’ என்று பெயரிடப்பட்டது. 1992-இல் அமெரிக்காவிலும் விஆர்-2332 என்ற வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டும் ஒரே நோயை உண்டாக்கின. ஆனால் அவற்றின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே ஒத்திருந்தது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரு கண்டங்களில் தலைகாட்டிய வைரஸ்கள் இவ்வளவு தொலைவு விலகியிருந்தது, அவை நெடுங்காலம் தனித்தனியே பரிணமித்து வந்ததைக் காட்டியது.

மரபணுத்தொகுதியின் அமைப்பு

இந்த வைரஸ் நிடோவைரேல்ஸ் வரிசையில் ஆர்டெரிவிரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் ஒரே இனமாகக் கருதப்பட்டு, ஐரோப்பிய வகை, வட அமெரிக்க வகை என இரு மரபணு வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2016-இல் பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாக ஏற்றது. இன்று முன்னது பிஆர்ஆர்எஸ் வைரஸ் 1 என்றும், பின்னது பிஆர்ஆர்எஸ் வைரஸ் 2 என்றும் வழங்கப்படுகின்றன.

மரபணுத்தொகுதி ஒற்றை இழை ஆர்என்ஏயால் ஆனது. அதன் நீளம் ஏறத்தாழ 15,000 நியூக்ளியோடைடுகள். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஓஆர்எஃப் 1ஏ, 1பி என்ற இரு பெரும் பகுதிகள் நிரப்புகின்றன. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான புரதங்களும், பன்றியின் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் புரதங்களும் இவற்றிலிருந்து உருவாகின்றன. இவை கட்டமைப்பு சாராப் புரதங்கள் எனப்படும். எஞ்சிய பகுதி வைரஸ் துகளின் உறையையும் உட்பகுதியையும் ஆக்கும் எட்டுக் கட்டமைப்புப் புரதங்களைத் தருகிறது.

எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஆர்என்ஏயைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்குரிய பகுதி ஒப்பளவில் நிலையாக இருக்கிறது. அதில் பெரும்பாலான மாற்றங்கள் வைரஸின் பெருக்கத்தையே நிறுத்திவிடும். மாறாக, இரண்டாம் கட்டமைப்பு சாராப் புரதத்தின் நடுப்பகுதியும், உறைப்புரதமான ஜிபி5-ஐத் தரும் ஓஆர்எஃப்5 மரபணுவும் மிகுந்த மாற்றத்துக்கு உள்ளாகின்றன. ஏறத்தாழ 600 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஓஆர்எஃப்5, சிறியதாகவும் மாறுபாடு மிக்கதாகவும் இருப்பதால் இவ்வைரஸின் வம்சாவளியை ஆராய அதிகம் பயன்படுகிறது.

மாற்றம் நிகழும் வழிகள்

இவ்வைரஸின் மரபணுத்தொகுதி மூன்று வழிகளில் மாறுகிறது.

முதலாவது, திடீர்மாற்றம். ஆர்என்ஏயைப் படியெடுக்கும்போது பாலிமரேஸ் சில இடங்களில் தவறான நியூக்ளியோடைடைச் சேர்த்துவிடுகிறது. இதே நிடோவைரேல்ஸ் வரிசையைச் சேர்ந்த கொரோனா வைரஸ்களிடம் இத்தகைய பிழைகளை அகற்றும் ஒரு நொதி இருக்கிறது. ஆர்டெரிவிரிடே குடும்பத்துக்கு அந்த நொதி கிடையாது. எனவே பிழைகள் திருத்தப்படாமல் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. பல ஆய்வுகளின்படி ஓஆர்எஃப்5 பகுதியில் ஆண்டுக்கு ஆயிரம் நியூக்ளியோடைடுகளுக்கு ஒன்று முதல் பத்து வரையிலான மாற்றங்கள் நிலைபெறுகின்றன. இதனால் ஒரே பன்றியின் உடலிலேயே சிறுசிறு வேறுபாடுகளுடைய வைரஸ்களின் கூட்டம் ஒன்று காணப்படுகிறது. சூழல் மாறும்போது அக்கூட்டத்தில் அதற்கு ஏற்றது முன்னுக்கு வருகிறது.

இரண்டாவது, நீக்கமும் சேர்க்கையும். மரபணுத்தொகுதியின் ஒரு துண்டு விடுபட்டுப்போவதோ புதிதாகச் சேர்வதோ இவ்வைரஸில் அடிக்கடி நிகழ்கிறது. இரண்டாம் கட்டமைப்பு சாராப் புரதத்தின் நடுப்பகுதி நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களை இழந்தாலும் வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. இந்த இழப்புகள், ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த ஒவ்வொரு கால்வழிக்கும் தனித்த அடையாளமாக அமைவதால் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் உதவுகின்றன.

மூன்றாவது, மறுசேர்க்கை. இருவேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால், ஒன்றின் ஆர்என்ஏயைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் பாலிமரேஸ் இடையில் மற்றதன் இழைக்குத் தாவிவிடக்கூடும். அப்போது உருவாகும் புதிய இழை ஒரு பகுதி ஒன்றிலிருந்தும் மறுபகுதி மற்றதிலிருந்தும் வந்ததாக இருக்கும். திடீர்மாற்றம் பல ஆண்டுகளில் சேர்க்கும் வேறுபாட்டை மறுசேர்க்கை ஒரே தாவலில் உண்டாக்கிவிடும். ஒரே பண்ணையில் பல கால்வழிகள் ஒருங்கே சுற்றும் இடங்களில் இது மிகுதி.

தேர்வு அழுத்தங்கள்

மாற்றங்கள் பெரும்பாலும் தற்செயலானவை. அவற்றில் எது நிலைக்கும் என்பதைப் பன்றியின் எதிர்ப்பாற்றல் பெருமளவு முடிவுசெய்கிறது. இவ்வைரஸ் முதன்மையாகத் தாக்குவது நுரையீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களை. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய அந்தச் செல்களின் உள்ளேயே இது பெருகுகிறது. உள்ளே நுழைய, செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி163 என்ற ஏற்பிப் புரதம் இதற்கு இன்றியமையாதது. செல்லுக்குள் சென்றபின் இன்டர்ஃபெரான் சுரப்பை அடக்கி, உடலின் முதற்கட்ட எதிர்ப்பை மந்தமாக்குகிறது.

தொற்று ஏற்பட்ட ஒரு வாரம், பத்து நாட்களுக்குள் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்றினாலும், அவை வைரஸைச் செயலிழக்கச் செய்வதில்லை. செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் நான்கு வாரங்களுக்குப் பின்னரே வருகின்றன. அவையும் குறைவாகவே வருகின்றன. இதற்கான காரணங்களில் ஒன்றை ஜிபி5 புரதத்தில் காணலாம். எதிர்ப்பொருள் பற்றவேண்டிய முக்கியப் பகுதி அதன் 37 முதல் 45 வரையிலான அமினோ அமிலங்களில் உள்ளது. அந்தப் பகுதியை ஒட்டியே சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்து எதிர்ப்பொருளை மறித்து நிற்கின்றன. களத்தில் கிடைக்கும் வைரஸ்களில் இச்சங்கிலிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இவற்றை ஆய்வகத்தில் அகற்றியபோது வைரஸ் எதிர்ப்பொருளுக்கு எளிதில் வசப்பட்டது. சர்க்கரைச் சங்கிலி சேரும் இடங்கள் தேர்வு அழுத்தத்தின் கீழ் இருப்பதை இது உறுதிப்படுத்துகிறது.

தொற்றிய பன்றியின் டான்சிலிலும் நிணநீர்க் கணுக்களிலும் வைரஸ் ஐந்து மாதங்கள் வரையிலும் தங்கியிருக்கும். வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் விலங்கினுள் இவ்வளவு காலம் மாற்றங்கள் சேர்கின்றன. பிறகு அது பட்டியிலுள்ள புதிய பன்றிகளுக்குப் பரவுகிறது.

தோற்றம் பற்றிய கருத்துகள்

பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்ததில், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1979-லேயே பன்றிகளுக்கு இத்தொற்று இருந்தது தெரியவந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே வைரஸ் பன்றிகளிடையே புழங்கிவந்தது இதனால் தெளிவாகிறது.

அதற்கு முந்தைய வரலாறு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எலிகளைத் தொற்றும் ஓர் ஆர்டெரிவைரஸ் மத்திய ஐரோப்பாவின் காட்டுப்பன்றிகளுக்குத் தாவியிருக்கலாம் என்றும், 1912-இல் வட கரோலைனாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் வழியே அது அமெரிக்காவை அடைந்து தனியே பரிணமித்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் பிளேஜ்மன் 2003-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். மரபணு வரிசைகளைக் கொண்டு காலக்கணிப்புச் செய்த ஓர் ஆய்வு இரு இனங்களின் பொது மூதாதையை 1880-ஐ ஒட்டி வைக்கிறது. மற்றோர் ஆய்வு 1970-களுக்குக் கொண்டுவருகிறது. மாற்ற வேகத்தை எவ்வளவு எனக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்த முடிவுகள் வேறுபடுகின்றன. 60 விழுக்காடு மட்டுமே உள்ள ஒற்றுமையோடு முந்தைய கணிப்பே பொருந்துகிறது.

வகைப்படுத்தும் முறைகள்

தொடக்கத்தில் வெட்டுநொதி முறை பயன்பட்டது. ஓஆர்எஃப்5 மரபணுவை மூன்று வெட்டுநொதிகளால் தனித்தனியே வெட்டி, கிடைக்கும் துண்டுகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். 2-5-2, 1-8-4, 1-7-4, 1-4-4 போன்ற மூவெண் குறியீடுகள் இப்படி வந்தவை. இம்முறை 1998-இல் தடுப்பூசி வைரஸையும் கள வைரஸையும் பிரித்தறிய உருவாக்கப்பட்டது. ஆனால் வெட்டும் இடத்தில் ஒரேயொரு நியூக்ளியோடைடு மாறினாலும் குறியீடு மாறிவிடும். தொடர்பில்லாத இரு வைரஸ்களுக்கு ஒரே குறியீடும் வரலாம். எனவே உறவைக் காட்டும் கருவியாக இது போதுமானதன்று. கால்நடை மருத்துவர்களிடையே பழகிவிட்டதால் மட்டும் இக்குறியீடுகள் இன்றும் வழக்கில் உள்ளன.

2010-இல் பிஆர்ஆர்எஸ் வைரஸ் 2-ஐ ஓஆர்எஃப்5 வரிசையின் அடிப்படையில் ஒன்பது கால்வழிகளாகப் பிரிக்கும் முறை முன்வைக்கப்பட்டது. 2023-இல் 82,000-க்கும் மேற்பட்ட வரிசைகளை ஆராய்ந்து 11 கால்வழிகளும் 21 துணைக் கால்வழிகளும் கொண்டதாக அது விரிவாக்கப்பட்டது. பிஆர்ஆர்எஸ் வைரஸ் 1-இன் வேறுபாடு கிழக்கு ஐரோப்பாவில்தான் மிக அதிகம். மேற்கு ஐரோப்பாவில் காணப்படும் முதல் துணைவகையைத் தவிர, பெலாருஸ், ரஷ்யா முதலிய நாடுகளில் வேறு துணைவகைகளும் உள்ளன. 2007-இல் பெலாருஸில் பிரித்தெடுக்கப்பட்ட ‘லேனா’ என்ற வைரஸ் மூன்றாம் துணைவகையைச் சேர்ந்தது. கடும் காய்ச்சலையும் உயிரிழப்பையும் உண்டாக்கும் அது, ஐரோப்பிய வகை மென்மையானது என்ற எண்ணத்தை மாற்றியது.

கால்வழிகளின் எழுச்சி

வட அமெரிக்காவில் ஒரு கால்வழி பரவலாகி, சில ஆண்டுகளில் மங்கி, மற்றொன்று அதன் இடத்தைப் பிடிப்பது மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. 2001-இல் மினசோட்டாவில் எம்என்184 என்ற கடுமையான வைரஸ் தோன்றியது. அதன் இரண்டாம் கட்டமைப்பு சாராப் புரதத்தில் 111, 1, 19 என மூன்று இடங்களில் மொத்தம் 131 அமினோ அமிலங்கள் இல்லை. 2008-இல் கிடைத்த என்ஏடிசி30 வைரஸிலும் இதே இழப்பு உண்டு. 2014-இல் 1-7-4 குறியீடுடைய வைரஸ்கள் பரவி, தாய்ப்பன்றிப் பண்ணைகளில் பெரும் கருச்சிதைவுகளை உண்டாக்கின. இவற்றின் அதே புரதத்தில் தொடர்ச்சியாக 100 அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன. 2020-இன் இறுதியில் 1-4-4 குறியீடுடைய புதிய கிளை மினசோட்டா, அயோவா பகுதிகளில் எழுந்தது. இவை அனைத்தும் கால்வழி 1-ஐச் சேர்ந்தவை.

சீனாவில் முதல் வைரஸ் 1996-இல் சிஎச்-1ஏ என்ற பெயரில் பிரித்தெடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2006-இல், ‘பன்றிக் கடுங்காய்ச்சல் நோய்’ பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் நோயுற்று, ஏறத்தாழ 4 லட்சம் இறந்தன. வழக்கமாக இவ்வைரஸ் வளர்ந்த பன்றிகளைக் கொல்வதில்லை. இம்முறை அவையும் மடிந்தன. காரணமான வைரஸ் கால்வழி 8-ஐச் சேர்ந்தது. அதன் இரண்டாம் கட்டமைப்பு சாராப் புரதத்தில் ஓரிடத்தில் 1, மற்றோரிடத்தில் 29 என 30 அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன.

இந்த இழப்பே கொடுமைக்குக் காரணம் என முதலில் கருதப்பட்டது. சீன வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு மாற்றிய வைரஸ்களை உருவாக்கிப் பன்றிகளில் சோதித்து, 30 அமினோ அமில இழப்புக்கும் நோயின் கொடுமைக்கும் தொடர்பில்லை என 2009-இல் நிறுவினர். பெருக்கத்துக்குப் பொறுப்பான ஒன்பதாம், பத்தாம் கட்டமைப்பு சாராப் புரதங்களே கொடுமைக்குப் பங்களிப்பவை எனப் பின்னர் தெரிந்தது. ஒரு கால்வழியை அடையாளம் காட்டும் மாற்றமும் அதன் வீரியத்தைத் தீர்மானிக்கும் மாற்றமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்தின.

சீனாவிலிருந்து இக்கொடிய கால்வழி 2007-இல் வியட்நாமை எட்டி, தென்கிழக்கு ஆசியா எங்கும் பரவியது. 2013-இல் மியான்மர் எல்லையை ஒட்டிய மிசோரத்தில் நோய் கிளம்பியபோது, அங்கு கிடைத்த வைரஸும் இதே வழியைச் சேர்ந்தது என வரிசைப்படுத்தல் காட்டியது. பன்றி வளர்ப்பு வீட்டுப் பொருளாதாரத்தின் பகுதியாக இருக்கும் வடகிழக்கு இந்தியாவுக்கு அது கடும் அடியாக அமைந்தது.

சீனாவில் 2012, 2013 முதல் என்ஏடிசி30-ஐ ஒத்த அமெரிக்க வழி வைரஸ்கள் தோன்றின. அவை ஏற்கெனவே அங்கிருந்த கால்வழி 8-உடன் மறுசேர்க்கை கொண்டன. அப்படிப் பிறந்த ஜேஎல்580 போன்ற வைரஸ்கள் தாய் வழியான என்ஏடிசி30-ஐ விடக் கொடியவையாக இருந்தன. 2017-இல் 1-7-4 வழியும் சீனாவில் காணப்பட்டது. ஐரோப்பாவில், வடகிழக்கு ஸ்பெயினில் 2020-இல் பரவத் தொடங்கிய ‘ரொசாலியா’ என்ற கொடிய வைரஸும் மறுசேர்க்கையால் பிறந்ததே.

தடுப்பூசியும் பரிணாமமும்

வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தடுப்பூசி வைரஸோடு நெருங்கிய கால்வழிகளுக்கு எதிராக இது நன்கு பயன்படுகிறது. விலகிய கால்வழிகளுக்கு எதிராகப் பாதுகாப்பு குறைவு. அதனால் நோயின் கடுமை தணிந்தாலும், தொற்றும் பரவலும் முற்றிலும் நிற்பதில்லை.

உயிருள்ள தடுப்பூசி வைரஸும் பெருகும். பெருகும் எதுவும் மாறும். டென்மார்க்கில் 1996-இல், அமெரிக்க வகைத் தடுப்பூசி பயன்படுத்தப்பட்ட சில மாதங்களுக்குள், தடுப்பூசி போடாத பண்ணைகளிலும் கருச்சிதைவுகள் ஏற்பட்டன. ஐரோப்பிய வகை மட்டுமே இருந்த அந்நாட்டில் அப்போது பிரித்தெடுக்கப்பட்டவை அமெரிக்க வகை வைரஸ்கள். அவை தடுப்பூசியிலிருந்து வந்து, வீரியத்தை மீட்டெடுத்தவை என்பது உறுதியானது.

அதே நாட்டில் 2019-இல் மற்றொரு நிகழ்ச்சி. செயற்கைமுறைக் கருவூட்டலுக்காக விந்து வழங்கும் ஆண்பன்றி நிலையம் ஒன்றில் தொற்று நுழைந்து, அங்கிருந்து சென்ற விந்து வழியாகப் பல பண்ணைகளை அடைந்தது. முழு மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தியபோது, அது இருவேறு தடுப்பூசி வைரஸ்கள் இணைந்து உருவான மறுசேர்க்கை வைரஸ் என்பது வெளியாயிற்று. தனித்தனியே பாதுகாப்பான இரண்டு தடுப்பூசிகள் ஒரே பன்றியில் சந்திக்கும்போது மூன்றாவதாக ஒரு நோய்க்காரணி பிறக்கக்கூடும். வெவ்வேறு உயிருள்ள தடுப்பூசிகளை ஒரே பண்ணையில் கலந்து பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இதனால் வலுப்பெற்றது.

பண்ணைமுறையின் பங்கு

இவ்வைரஸின் வேகமான பரிணாமத்துக்கு அதன் உயிரியல் மட்டும் காரணமல்ல. ஆயிரக்கணக்கான பன்றிகள் ஒரே கூரையின் கீழ் வளரும் பெரும் பண்ணைகளில், தொற்றுக்கு உள்ளாகாத குட்டிகள் வாரந்தோறும் பிறந்துகொண்டே இருக்கின்றன. தாய்ப்பன்றிகள் ஓரிடத்திலும், பால்மறந்த குட்டிகள் வேறிடத்திலும், கொழுக்க வைக்கப்படும் பன்றிகள் மற்றோரிடத்திலும் இருப்பதால் விலங்குகள் நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லப்படுகின்றன. வட அமெரிக்கக் கால்வழிகளின் புவியியல் பரவல் பன்றி வாணிகத்தின் வழித்தடங்களைப் பெரிதும் ஒட்டியே செல்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் வைரஸ் தாண்டுவதும் விலங்கு, விந்து ஆகியவற்றின் வாணிகத்தாலேயே. குறுகிய தொலைவில் காற்று வழியாகவும் பரவுகிறது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில் எடுத்த காற்று மாதிரியில் தொற்றும் திறனுள்ள வைரஸ் கிடைத்திருக்கிறது.

எதிர்ப்பாற்றல் கொண்ட பன்றிகள்

வைரஸைத் துரத்துவதற்குப் பதிலாகப் பன்றியை மாற்றும் முயற்சியும் நடந்துவருகிறது. மிசூரி பல்கலைக்கழகத்தில் சிடி163 மரபணுவைச் செயலிழக்கச் செய்து பிறப்பித்த பன்றிகள் இவ்வைரஸால் தொற்றப்படவில்லை என்று 2015-இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனம், அப்புரதத்தில் வைரஸுக்குத் தேவையான ஒரு பகுதியை மட்டும் நீக்கி அதே பயனைப் பெற்றது. இத்தகைய மரபணுத் திருத்தம் செய்த பன்றிகளை உணவுக்காக வளர்க்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இவ்வளவு வேகமாக மாறும் வைரஸ், வேறொரு ஏற்பியைப் பயன்படுத்தக் கற்குமா என்பதைத் தொடர்ந்து கண்காணிப்பது இந்த முறைக்கு இன்றியமையாத துணை.

கட்டுப்பாடு

வைரஸின் பரிணாமத்தைக் கண்காணிக்க, ஓஆர்எஃப்5 வரிசை மட்டும் போதாது. மறுசேர்க்கை மரபணுத்தொகுதியின் எந்தப் பகுதியிலும் நிகழலாம் என்பதால், முழுத்தொகுதியையும் வரிசைப்படுத்துவதே நம்பகமானது. ஒரு பண்ணையில் நோய் திரும்பும்போது, அது பழைய வைரஸின் எச்சமா, வெளியிலிருந்து வந்த புதியதா, தடுப்பூசியின் வழியா என்பதை வரிசையே தெளிவாக்கும். எடுக்கவேண்டிய நடவடிக்கை அந்த விடையைப் பொறுத்தது.

வாங்கும் பன்றிகளைத் தனிமையில் வைத்துச் சோதித்தல், விந்தைச் சோதித்த பின்னரே பயன்படுத்துதல், ஒரு கொட்டிலை முழுதும் காலிசெய்து கழுவி உலர்த்திய பிறகே அடுத்த தொகுதியை விடுதல், வண்டிகளையும் ஆட்களின் காலணிகளையும் தூய்மைப்படுத்துதல் ஆகியவை எந்தக் கால்வழிக்கு எதிராகவும் ஒன்றுபோலப் பலன் தருகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் கண்காணிப்பாலும் இந்நோய் அணுகாமல் காத்துவந்தன. 2007-இல் நோய் நுழைந்த ஸ்வீடன் விரைந்து செயல்பட்டு அதை ஒழித்தது. மாறிக்கொண்டே இருக்கும் இவ்வைரஸுக்கு எதிராக இதுவரை நிலையான வெற்றியைத் தந்தது பண்ணைக்குள் அதை வரவிடாத முறை ஒன்றே.